மாதாவுக்கு நேர்ந்த காப்பு

ஜோசப்பின் பூசைக்கு வந்துவிட்டாள் என்பதை யாரும் திரும்பிப் பார்த்து அறிய வேண்டியதில்லை. அவளுடைய வலது கையில் கிடந்த இரண்டு தங்கக் காப்புகளும் உரசுகிற சத்தம், அவள் கோயில் வாசலைத் தாண்டும்போதே முன் வரிசை வாங்கு வரைக்கும் கேட்கும். முல்லைத்தீவுக் கரையில் அது ஒரு பகிடியாகவே இருந்தது.

"மணிச் சத்தத்துக்குப் பங்குச் சுவாமி பூசை தொடங்கிறேல்லை. ஜோசப்பின்ர காப்புச் சத்தத்துக்குத்தான் தொடங்கிறவர்" என்று பின் வாங்குப் பெண்கள் குசுகுசுப்பார்கள். அது அவளுடைய காதிலும் விழும். கோபம் வராது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம்தான் வரும்.

அவளுடைய புருசன் யாகப்பு கரைவலைச் சம்மாட்டி. இரண்டு வள்ளம், பெரிய வலை, வலை இழுக்க இருபது பேர். மீன் நன்றாகப் பட்ட வருசங்களில் அவர் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தார். மெழுகுதிரிக் கால் கொடுத்தார், கதிரைகள் கொடுத்தார், அந்தோனியாருடைய கூட்டுக்கு வர்ணம் பூசிக் கொடுத்தார். கொடுத்த எல்லாவற்றிலும் 'யாகப்பு ஜோசப்பின் குடும்பத்தார் உபயம்' என்று எழுதியிருந்தது. உப்புக் காற்றில் எழுத்து மங்கினால் ஜோசப்பின் தானே ஆள் பிடித்துப் புதுப்பிப்பாள். கடவுளுக்கு நாங்கள் குறை வைக்கவில்லை, எங்களுக்கு அவர் குறை வைக்க மாட்டார் என்று அவள் முழு மனதோடு நம்பியிருந்தாள்.

தொண்ணூற்று நாலில் ஒரு விடியற்காலை கடலுக்குப் போன யாகப்பு திரும்பவில்லை. வெடிச் சத்தம் கேட்டதென்று பக்கத்து வள்ளத்தார் சொன்னார்கள். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. ஜோசப்பின் அழுதாள், கறுப்பு உடுத்தாள், மற்ற வள்ளத்தை ஆள் வைத்து ஓட்டினாள். ஆனால் காப்புகளைக் கழற்றவில்லை. "அவர் ஆசையாப் போட்டுவிட்டது" என்று சொன்னாள். அது பொய்யுமில்லை.

தொண்ணூற்றாறு ஆடியில் சண்டை கரைக்கே வந்தது. வலையும் வள்ளமும் வீடும் கிடந்த இடத்தில் கிடக்க, பத்து வயது மகள் டிலுசாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரோடு சேர்ந்து ஓடினாள். ஒட்டுசுட்டான் தாண்டுகிற இடத்தில் சனநெரிசலில் அந்தக் கை நழுவிப் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

இரண்டு நாள் அவள் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் றோட்டு நீளத்துக்குக் கத்திக்கொண்டு நடந்தாள். இரண்டாம் நாள் ஒரு மரத்தின் கீழ் முழங்காலில் விழுந்து, காப்புகளைக் கழற்றி லேஞ்சித் துணியில் முடிந்தாள்.

"மடு மாதாவே, என்ர பிள்ளையைக் காட்டித் தாங்கோ. இந்தக் காப்பு ரெண்டும் இனி உங்கட கைக்கு."

பொழுது சாய முதல் ஒரு பள்ளிக்கூடத்தில் டிலுசா கிடைத்தாள். யாரோ முன்பின் தெரியாத சனம் அவளுக்குப் பாண் கொடுத்து வைத்திருந்தது.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்து முடிந்த பொருளை மாதாவின் காலடியில் வைக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. அது வீட்டில் கிடந்தாலும் வீட்டுக்காரருடையது அல்ல. அதில் கை வைத்தால் எந்தப் பிள்ளைக்காக நேர்ந்ததோ அந்தப் பிள்ளைக்கே வினை வரும் என்று சொல்வார்கள். ஜோசப்பின் அந்த முடிச்சை ஒரு பால்மாத் தகர ரின்னுக்குள் போட்டு, ரின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாவிப் பக்கம் வந்து சேர்ந்தாள்.

மல்லாவிக்கு அப்பால் காட்டோரமாக வீரையா என்றொருவரின் காணி இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு ஓடி வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர். மனைவி கமலேஸ்வரி, ஒரே மகள் ராஜினி. ஒரு சோடி உழவு மாடு, ஒரு கிணறு, மரவள்ளித் தோட்டம். கரையில் இருந்த காலத்தில் ஜோசப்பினின் வலை இழுக்கவும் இப்படியான ஆட்கள் வந்ததுண்டு. அவர்களுக்கு அவள் தின்னக் கொடுத்தாள்தான், ஆனால் முற்றத்தில் வைத்துக் கொடுத்தாள்.

வீரையா அவளையும் பிள்ளையையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காணி என்னுதுன்னு காட்ட எங்கிட்ட உறுதி கெடையாதுங்க அக்கா. காட்ட வெட்டுனது மட்டும்தான் நான். அந்த மூலையில கொட்டில் போட்டுக்கங்க."

அடுத்த நாள் காலையிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும் ஒரு தட்டில் வரத் தொடங்கின. கொண்டு வருகிறவள் ராஜினி, எட்டு வயது. ஒரு நாளும் தவறாது. ஜோசப்பின் தட்டை வாங்கி, சிலுவை போட்டு, மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுவாள். கமலேஸ்வரிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

மாதாவின் திருநாள் வந்தது. மடுவுக்குப் போகிற சனத்தோடு போயிருக்கலாம். பாதை சரியில்லை என்று சொன்னாள். அடுத்த திருநாளும் வந்தது. டிலுசாவுக்குத் தடிமன் என்று சொன்னாள். இடையில், டிலுசா பள்ளிக்கூடம் போன ஒரு காலை, ரின்னைத் திறந்து முடிச்சை அவிழ்த்தாள். கறுத்துப் போயிருக்குமோ என்று பார்க்கத்தான். பிறகு அளவு சரியா என்று பார்க்கப் போட்டாள். கொட்டிலுக்குள் நின்று கையை ஒருக்கால் ஆட்டினாள். அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் பழைய வீடு, பழைய கோயில், முன் வாங்கு. அதன் பிறகு அடிக்கடி அவிழ்த்தாள்.

ஒரு நாள் கையில் காப்போடு நிற்கும்போது வாசலில் தட்டோடு ராஜினி நின்றாள்.

"மாமி, தங்கமா?"

ஜோசப்பின் கையைப் பின்னால் ஒளித்தாள். "என்ரயில்லை. மாதாவின்ர. ஒருத்தரிட்டையும் சொல்லக் கூடாது, விளங்கிச்சே?"

"சொல்ல மாட்டேன். இன்னொருக்கா ஆட்டுங்க மாமி. சத்தம் வடிவா இருக்கு."

ஜோசப்பின் ஆட்டினாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. பிறகு சுட்டுவிரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு ஓடிப் போயிற்று.

தொண்ணூற்றேழு கார்த்திகை மழையோடு காய்ச்சல் பரவியது. புளியங்குளப் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் இரவு பகல் கேட்டுக்கொண்டிருந்த காலம். சனத்துக்கு ஷெல்லை விடக் காய்ச்சல் பரப்புகிற நுளம்புதான் பயம். ராஜினிக்குக் காய்ச்சல் நாலு நாளாக விடவில்லை. ஐந்தாம் நாள் பிள்ளை ஆளைத் தெரியாமல் பிதற்றியது. கிட்டவிருந்த மருந்துச்சாலையில் ஊசி மருந்து முடிந்துவிட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறுகிறது, கிழக்கே பெரிய ஆசுப்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கோ என்றார்கள். வலிப்பு வந்து இழுக்கிற பிள்ளையைச் சைக்கிளில் கொண்டு போக ஏலாது. வான் வைத்திருந்தவர் சின்னராசா ஒருவர்தான். மண்ணெண்ணெயில் ஓடுகிற வான். மண்ணெண்ணெயோ தங்கம், இல்லாவிட்டால் அதற்கீடான காசு கொடுத்தால்தான் கிடைக்கும்.

மத்தியானம் வீரையா ஜோசப்பினின் கொட்டிலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வேலியோரம் நின்றார். தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்து முறுக்கிக்கொண்டு நின்றார்.

"அக்கா, புள்ளைக்கு ரொம்ப முடியல. வானுக்கு எண்ணெ வேணுமாம். கமலேஸ்வரியோட தோடு போன வருசமே போச்சு. ஒங்க கோயில்காரங்க யார்கிட்டயாச்சும் ஒரு பொட்டுத் தங்கம் இருக்குமாங்க? நான் ஒழச்சுத் தந்துருவேன்."

ரின் அவளுடைய முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில் இருந்தது.

அந்த நேரம் ஜோசப்பினுக்கு டிலுசாவின் முகம்தான் முன்னால் வந்தது. மாதாவுக்கு என்று சொன்னதை எடுத்தால் என் பிள்ளைக்கு என்ன நடக்கும்? அந்தப் பயம் உண்மையான பயம். ஆனால் அந்தப் பயத்துக்குக் கீழே இன்னொன்று அசையாமல் கிடந்தது. அதை அவள் அப்போது பார்க்க விரும்பவில்லை.

"என்னட்டை என்ன கிடக்கு வீரையா? எல்லாம் கடலோட போச்செல்லோ. கோயில் சனமும் என்னைப் போலத்தான்" என்றாள். பிறகு, "நான் செபமாலை சொல்லுறன். மாதா கைவிட மாட்டா" என்றாள்.

வீரையா இரண்டு கையையும் கூப்பினார். "சொல்லுங்க அக்கா. அதுவே பெரிசு."

அவள் சொல்லத்தான் செய்தாள். அந்த மத்தியானம் முழுவதும் முழங்காலில் நின்று சொன்னாள். ஆனால் மணியை உருட்டுகிற விரல் ஒவ்வொரு பத்துக்கும் நின்று நின்று போயிற்று.

வீரையா உழவு மாடுகளைச் சந்தைக்குக் கொண்டு போனார். எல்லாரும் இடம்பெயர்ந்து அலைகிற காலத்தில் யார் மாடு வாங்குவார்கள்? முதல் நாள் மாடு விலை போகவில்லை. இரண்டாம் நாள் பொழுதுபடுகிற நேரம்தான் ஒருவர் வாங்கினார். அதற்குப் பிறகுதான் வான் வந்தது. கமலேஸ்வரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வானில் ஏறுவதை ஜோசப்பின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

மூன்று கிழமை கழித்து ராஜினி உயிரோடு வந்தாள். தலைமயிர் கொட்டி, கால் ஈர்க்குப் போல மெலிந்திருந்தது. கிணற்றடியில் முதுகு காட்டி நின்ற பிள்ளையை ஜோசப்பின் ஆசையோடு, "ராஜினி!" என்று கூப்பிட்டாள். பிள்ளை திரும்பவில்லை. இன்னும் உரத்துக் கூப்பிட்டாள்.

வாளியோடு நின்ற கமலேஸ்வரி சொன்னாள்: "காது போயிருச்சு அக்கா. ரெண்டு நாளு முந்திக் கொண்டாந்திருந்தா இப்பிடி ஆகியிருக்காதாம்." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உசிரு இருக்கே, அது போதும். ஒங்க மாதாதான் காப்பாத்துச்சு. நீங்க முட்டி போட்டுக் கும்பிட்டீங்கன்னு இவரு சொன்னாரு. கோயில்ல கொளுத்துங்க" என்று முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மெழுகுதிரியை ஜோசப்பின் கொளுத்தவில்லை. கொளுத்த அவளுக்குத் துணிவு வரவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கிடுகு வேய்ந்து, வெள்ளைத் தறப்பாள் போட்ட கொட்டில்தான் இடம்பெயர்ந்த சனத்தின் கோயில். ஒரு கதிரையில் சுவாமி இருந்தார். ஜோசப்பின் மண்ணில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

சுவாமி கேட்டார்: "நேர்த்தியை வேறை நல்ல காரியத்துக்கு மாத்தித் தரச் சொல்லி எங்களைக் கேக்கலாம் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும் சுவாமி."

"அப்ப ஏன் வரேல்லை? நான் இங்கைதானே இருந்தனான்."

"நீங்கள் மாத்தித் தந்திடுவியள் எண்டுதான் சுவாமி வரேல்லை."

வெளியில் யாரோ இருமினார்கள். சுவாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மாதாவின்ர எண்டு வாயால சொன்னனான். என்ர எண்டுதான் வச்சிருந்தனான். கரையிலையும் அப்பிடித்தான் சுவாமி. கோயிலுக்குக் குடுத்ததெல்லாம் என்ர எண்டுதான் குடுத்தனான்."

சுவாமி மெதுவாகச் சொன்னார்: "அந்தக் காப்பு இனி அந்தப் பிள்ளைக்கு. மாதாவிட்டை நான் கதைக்கிறன். ஆனா குடுக்கேக்கை உண்மையையும் சேர்த்துக் குடுங்கோ. உண்மையை ஒளிச்சுக் குடுத்தால் அது திரும்பவும் உபயம்தான்."

ஜோசப்பின் தலையாட்டினாள். உண்மையைச் சொன்ன பிறகுதான் பூசையில் நற்கருணையான நன்மை எடுப்பது என்று தனக்குள் முடிவெடுத்தாள்.

நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தாள், விடிந்தால் கமலேஸ்வரி கிழங்குத் தட்டோடு வந்து நின்றாள். ராஜினியை இப்போது தனியாக அனுப்ப அவளுக்குப் பயம். அந்தத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வது? மாடில்லாத வீரையா மண்வெட்டியால் வயல் கொத்துவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இந்தக் காணியை விட்டுப் போ என்றால் பிள்ளையோடு எங்கே போவது? நாளைகள் கிழமையாகி, கிழமைகள் வருசமாகின. பூசையில் எல்லாரும் நன்மை எடுக்க எழும்புகிற நேரம் ஜோசப்பின் பின் வாங்கில் குனிந்தபடி இருப்பாள். "சம்மாட்டி பெண்சாதிக்கு இப்ப தாழ்மை கூடிப்போச்சு" என்று முன் வாங்கில் ஒருத்தி சொன்னது கேட்டது. கரையில் கேட்ட பகிடியை விட அது ஆழமாகக் குத்தியது.

ஒரு முறை குண்டு போடுகிற கிபிர் விமானம் வந்தது. இரைச்சல் கேட்டு எல்லாரும் பங்கர்க் குழிக்குள் விழுந்தார்கள். ஜோசப்பின் எட்டிப் பார்த்தாள். முற்றத்தின் நடுவில் ராஜினி குந்தியிருந்து கோழிக்குஞ்சுகளுக்குக் குறுணல் போட்டுக்கொண்டிருந்தாள். குஞ்சுகள் திடீரென்று ஏன் ஓடுகின்றன என்று அவளுக்கு விளங்கவில்லை. ஜோசப்பின் ஓடிப் போய் அவளை அள்ளிக்கொண்டு வந்து விழுந்தாள். நிலம் அதிர்ந்தது. கமலேஸ்வரி ஜோசப்பினின் இரண்டு கையையும் பிடித்து, "எங்க குலசாமி மாதிரி நீங்க" என்று அழுதாள். ஜோசப்பின் தன் கைகளை இழுத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு ராஜினி பெரியபிள்ளையானாள். வீரையா நாலு பேரைக் கூப்பிட்டுத் தண்ணி வார்த்தார். ஜோசப்பின் முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். மாமி முறைக்குக் காப்பைப் போட்டுவிடுவோம். கொடுத்துவிட்டால் போதும்தானே, சொல்லித்தான் ஆக வேண்டுமா? கொடுக்கிறதும் ஒரு சொல்லுத்தானே? இப்படி மனதைத் தேற்றிக்கொண்டு, அந்த லேஞ்சி முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மஞ்சள் பூசி, இரவல் சீலை உடுத்து, ராஜினி பாயில் இருந்தாள். ஜோசப்பின் முடிச்சை அவிழ்த்து இரண்டு காப்பையும் அவளுடைய கையில் போட்டாள். மெலிந்த கைக்குக் காப்பு பெரிதாக இருந்தது. சுற்றி நின்ற பெண்கள், "அடேயப்பா!" என்றார்கள்.

"என்ன அக்கா இது! எங்கிருந்து?" கமலேஸ்வரியின் கண் விரிந்து போயிற்று.

ராஜினி காப்புகளைப் பார்த்தாள். மல்லாவிப் பக்கம் வந்த பிறகு அவற்றைக் கண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். கையைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னொருக்கால் ஆட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து ஜோசப்பினைப் பார்த்தாள். பிறகு சுட்டுவிரலை எடுத்து, உதட்டில் வைத்துக் காட்டினாள். சொல்ல மாட்டேன் என்று.

ஜோசப்பின் பாயோரம் அப்படியே இருந்துவிட்டாள்.

"கமலேஸ்வரி, இது அப்பவும் என்னட்டை இருந்தது" என்றாள். "பிள்ளைக்குக் காய்ச்சல் வரேக்கையும் இருந்தது. வீரையா வந்து கேக்கேக்கை என்ர முதுகுக்குப் பின்னால இருந்தது. மாதாவின்ர பொருள் எண்டு எனக்கு நானே பொய் சொல்லி, குடுக்காமல் வச்சிருந்தனான்."

வாசலில் நின்ற வீரையாவின் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அதை அவர் மெல்லக் கீழே வைத்தார்.

"ரெண்டு நாளு" என்றாள் கமலேஸ்வரி. "ரெண்டே ரெண்டு நாளு, அக்கா." எழும்பி, வந்தவர்களுக்குச் சோறு போடக் குசினிக்குப் போனாள்.

அடுத்த நாள் காலை கிழங்குத் தட்டு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஜோசப்பின் சாமான்களை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினாள். பதினைந்து வயது டிலுசா தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலை கமலேஸ்வரி வந்தாள். கையில் தட்டு. அவித்த கிழங்கில் ஆவி பறந்தது. பக்கத்தில் அந்த லேஞ்சி, காப்புகளை உள்ளே வைத்து முடிந்தபடி.

"இத எங்களால வச்சுக்க முடியாது" என்றாள். கட்டிய சாக்கைப் பார்த்தாள். "அத அவுத்துருங்க. எங்க போவீங்க?" குரலில் கனிவு இல்லை. முகத்தைப் பார்க்கவும் இல்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜோசப்பின் அந்த முடிச்சைச் சுவாமியிடம் கொடுத்தாள். "காய்ச்சல் மருந்துக்கு வச்சிருங்கோ சுவாமி. வானுக்கு எண்ணெய் எண்டாலும், ஆர் வந்து கேட்டாலும், எந்தச் சமயமெண்டாலும்."

"பேர் ஏதும் எழுத வேணுமோ?" என்று சுவாமி கேட்டார்.

"வேண்டாம் சுவாமி."

அன்று அவள் நன்மை எடுத்தாள், வரிசையில் கடைசி ஆளாக. பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ஆனால் அந்தப் பாரத்தோடு மாதாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில், வாய்க்கால் ஓரமாக ராஜினி விறகுக் கட்டோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கை வெறுமையாக இருந்தது. "ராஜினி, பொறு பிள்ளை!" என்று ஜோசப்பின் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. வயல் வரம்பில் இறங்கி, சேற்றில் கால் புதையச் சுற்றி நடந்து போய், பிள்ளையின் முகத்துக்கு நேரே நின்றாள்.